ஒத்தெல்லோ: யார் வாயில் வந்த வசனம்?

அனைவருக்கும் வணக்கம்.

'ஒத்தெல்லோ' நாடகத்தைப் படிக்காதவர்களுக்குக்கூட அதிலிருந்து ஓரிரு வசனங்கள் தெரிந்திருக்கும். "பொறாமை ஒரு பச்சைக்கண் பூதம், தான் தின்னும் இரையையே எள்ளி நகையாடும்" என்பது ஒன்று. "என் பணப்பையைத் திருடுகிறவன் வெறும் குப்பையைத் திருடுகிறான். என் நற்பெயரைத் திருடுகிறவனோ, தனக்கு எந்த லாபமும் இல்லாமல் என்னை ஏழையாக்கிவிடுகிறான்" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பொன்மொழித் தொகுப்புகளில் போட்டு, கீழே ஷேக்ஸ்பியர் என்று எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் ஷேக்ஸ்பியர்தான், ஆனால் நாடகத்தில் அவற்றைப் பேசுகிறவன் இயாகோ. இரண்டும் ஒரே காட்சியில், ஒரு கணவனின் மனத்தில் விஷத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே அவன் சொல்பவை.

இந்த நாடகத்தின் வசனங்களைத் தனியே பிய்த்து எடுத்து ரசிக்கக் கூடாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, சொன்ன நேரத்தில் அருகில் யார் வாய் திறக்காமல் நின்றார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டால் நாடகம் வேறு மாதிரித் தெரியும்.

கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒத்தெல்லோ வெனிஸ் குடியரசின் தளபதி. கறுப்பன், மூர் இனத்தவன். செனட்டர் பிரபான்ஷியோவின் மகள் டெஸ்டிமோனா அவனைக் காதலித்து, தந்தைக்குத் தெரியாமல் மணந்துகொள்கிறாள். துருக்கியரை எதிர்க்க அவனை சைப்ரஸுக்கு அனுப்புகிறார்கள், அவளும் போகிறாள். அவனிடம் கொடி தாங்கும் அதிகாரியாக இருக்கும் இயாகோ, துணைத் தளபதி கேசியோவோடு டெஸ்டிமோனாவுக்குத் தொடர்பு இருப்பதாக நம்பவைக்கிறான். கடைசியில் ஒத்தெல்லோ தன் மனைவியைப் படுக்கையிலேயே மூச்சைத் திணறடித்துக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். 1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டனில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் வைட்ஹால் அரண்மனையில் இந்த நாடகம் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சிக்கு வருவோம். நாடகத்தின் இதயம் அங்கேதான் இருக்கிறது. காட்சி தொடங்கும்போது ஒத்தெல்லோ மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறான். முடியும்போது அவளைக் கொல்லும் முடிவோடு எழுந்து போகிறான். நடுவில் ஒரு கைக்குட்டை கை மாறுவதைத் தவிர எந்தச் சம்பவமும் நடக்கவில்லை, மற்றதெல்லாம் வெறும் பேச்சுதான்.

வேலை போன கேசியோ, தனக்காகப் பரிந்து பேசச் சொல்லி டெஸ்டிமோனாவிடம் கேட்டுவிட்டு, ஒத்தெல்லோ வருவதைப் பார்த்ததும் கூச்சத்தோடு நகர்ந்து போகிறான். இயாகோ வாய்க்குள் முனகுகிறான்: "ம்… இது எனக்குப் பிடிக்கவில்லை." "என்ன சொன்னாய்?" "ஒன்றுமில்லை பிரபு. இல்லை… என்னவோ, எனக்குத் தெரியவில்லை." "என் மனைவியிடம் பேசிவிட்டுப் போனது கேசியோதானே?" "கேசியோவா? இருக்காது பிரபு. நீங்கள் வருவதைப் பார்த்துக் குற்றவாளி மாதிரி அவர் நழுவிப் போவாரா?"

கேசியோ குற்றவாளி என்று இயாகோ சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? அவனைக் காப்பாற்றுவது போலத்தான் பேசுகிறான். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் டெஸ்டிமோனாவைக் காதலித்த காலத்தில் அது கேசியோவுக்குத் தெரியுமா என்று போகிற போக்கில் கேட்கிறான். தெரியும், ஏன் கேட்கிறாய் என்கிறான் ஒத்தெல்லோ. சும்மாதான் கேட்டேன் என்று பதில். "அவன் நேர்மையானவன் இல்லையா?" "நேர்மையா பிரபு?" "ஆமாம், நேர்மை." "எனக்குத் தெரிந்தவரை, பிரபு." "நீ என்ன நினைக்கிறாய்?" "நினைக்கிறதா பிரபு?" ஒத்தெல்லோவுக்குப் பொறுமை போய்விடுகிறது. "நான் சொல்வதையே எதிரொலிக்கிறாயே! வெளியே காட்டக் கூடாத ஒரு கொடிய பூதம் உன் நினைப்புக்குள் ஒளிந்திருப்பது போல!" என்று கத்துகிறான்.

இயாகோ சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு குற்றச்சாட்டுகூடத் தேறாது. வெற்றிடங்களை மட்டும் விட்டு வைக்கிறான், அவற்றை நிரப்புவது ஒத்தெல்லோதான். அதற்குப் பிறகுதான் "பொறாமை வேண்டாம் பிரபு" என்ற அந்தப் பிரபலமான பச்சைக்கண் பூத வசனம் வருகிறது. பொறாமை என்ற சொல்லை அந்த உரையாடலுக்குள் முதலில் கொண்டுவருகிறவனே இயாகோதான். எச்சரிக்கிற மாதிரி உள்ளே நுழைக்கிறான்.

நற்பெயர் வசனத்தின் சங்கதி இன்னும் மோசம். முந்தைய இரவு கேசியோ குடித்துவிட்டுச் சண்டை போட்டுப் பதவியை இழந்தபோது, "நற்பெயர், நற்பெயர், என் நற்பெயர் போய்விட்டதே! என்னிடம் இருந்த அழியாத பகுதி போய்விட்டது, மிஞ்சியிருப்பது மிருகம்" என்று அழுதான். அப்போது இதே இயாகோ, நற்பெயர் ஒரு வெட்டிச் சுமை, தகுதி இல்லாமலே வரும், தப்பு செய்யாமலே போகும் என்று ஆறுதல் சொன்னான். அடுத்து ஒத்தெல்லோவிடம் பேசும்போது நற்பெயர் ஆன்மாவின் ஆபரணம் ஆகிவிடுகிறது. எதிரே இருக்கிறவனுக்கு எது தேவையோ அதுதான் இயாகோவின் கொள்கை. முதல் காட்சியிலேயே "நான் நானாக இல்லை" என்று, டெஸ்டிமோனாவை அடைய ஏங்கும் ரோடரிகோவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். ரோடரிகோ அதைக் கேட்டும் தன் பணத்தை அவனிடம் கொட்டுகிறான், அது வேறு பரிதாபம்.

சரி, இவ்வளவு பெரிய வீரன் ஏன் இப்படிச் சரிகிறான்? ஒத்தெல்லோ முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. முதல் அங்கத்தில் அவனைப் பாருங்கள். பிரபான்ஷியோவின் ஆட்கள் நடுத்தெருவில் வாளை உருவிக்கொண்டு வருகிறார்கள். "பளபளக்கும் வாள்களை உறையில் போடுங்கள், பனி பட்டுத் துருப்பிடித்துவிடும்" என்கிறான். குரலை உயர்த்தவே தேவையில்லாத மனிதன் அவன். செனட் சபையில் தன் காதலைப் பற்றிச் சொல்கிறான்: "நான் கடந்துவந்த ஆபத்துகளுக்காக அவள் என்னை நேசித்தாள். அவற்றுக்காக அவள் இரங்கினாளே, அதற்காக நான் அவளை நேசித்தேன்."

இந்த வரியில் ஒரு விரிசலும் இருக்கிறது. அவள் நேசித்தது தன் கதையைத்தான் என்று அவன் நம்புகிறான். கதை பழசானால் என்ன ஆகும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த ஊர் அவனைத் தளபதியாகத்தான் மதிக்கிறது, மாப்பிள்ளையாக ஏற்கவில்லை. விருந்துக்கு அழைத்துக் கதை கேட்ட பிரபான்ஷியோவே, மகள் விஷயம் என்றதும் சூனியம் வைத்துவிட்டான் என்கிறார். கடைசியாக அவர் விட்டுப்போகும் சொற்கள்: "இவளைக் கவனித்துக்கொள் மூர். தந்தையை ஏமாற்றினாள், உன்னையும் ஏமாற்றலாம்." இயாகோ அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் அங்கத்தில் "உங்களை மணந்ததில் அவர் தந்தையை ஏமாற்றினார்" என்று எடுத்து வீசுகிறான். அவளுடைய ஊர், நிறம், தகுதிக்கு ஏற்ற எத்தனையோ வரன்களை மறுத்துவிட்டாளே, அதுவே இயல்பாக இல்லையே என்று தொடர்கிறான். தனியாக விடப்பட்டதும் ஒத்தெல்லோ தன்னையே கேட்டுக்கொள்வது: "ஒருவேளை நான் கறுப்பன் என்பதாலா? வயதாகிவிட்டது என்பதாலா?" வெனிஸ் அவனைப் பற்றி நினைத்ததை அவனே தன்னைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிட்டான். என் பார்வையில் அவன் விழுந்த இடம் அதுதான், கைக்குட்டை அதற்கு அப்புறம் வருகிறது.

"தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்ற குறளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பிய ஒருவரைச் சந்தேகிப்பது. இரண்டையும் ஒரே காட்சியில் ஒரே மனிதன் செய்கிறான்.

கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று ஒத்தெல்லோ இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனுக்குக் கிடைப்பது, கேசியோ தூக்கத்தில் உளறியதாக ஒரு கட்டுக்கதையும் ஒரு கைக்குட்டையும்தான். ஸ்ட்ராபெரி பழங்கள் பூவேலை செய்த கைக்குட்டை, அவன் டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதல் பரிசு. அதைக் கேசியோவிடம் பார்த்தேன் என்கிறான் இயாகோ. இவ்வளவு பெரிய துயரத்துக்கு ஒரு கைக்குட்டையா என்று தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் 1693இல் கிண்டல் செய்தார். "காற்றைப் போல லேசான அற்பங்களும் பொறாமைக்காரனுக்கு வேத வாக்கியம் போல உறுதியான சாட்சி" என்று நாடகமே அதற்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. அதையும் இயாகோதான் சொல்கிறான்.

அந்தக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவளைப் பற்றித்தான் மீதி நேரம் பேசப்போகிறேன். எமிலியா, இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் பணிப்பெண்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்தார். அதில் கொடி அதிகாரியே தன் குழந்தையை டெஸ்டிமோனாவின் மடியில் விட்டுவிட்டுக் கைக்குட்டையைத் திருடுகிறான். அவன் மனைவிக்குச் சதி முழுவதும் தெரியும், பயத்தில் வாயை மூடிக்கொள்கிறாள். ஷேக்ஸ்பியர் இதைத் தலைகீழாக மாற்றினார். அவருடைய எமிலியாவுக்குச் சதி தெரியாது. கீழே விழுந்ததை எடுக்கிறாள். "என் கணவன் நூறு தடவை கேட்டுவிட்டான்" என்று அவனைத் திருப்திப்படுத்தக் கொடுக்கிறாள். அடுத்த காட்சியில் "கைக்குட்டையை எங்கே தொலைத்தேன் எமிலியா?" என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். "தெரியவில்லை அம்மா" என்கிறாள். அவள் சொல்லும் பொய் இது ஒன்றுதான். அதே கைக்குட்டைக்காக ஒத்தெல்லோ அவள் கண்ணெதிரே மனைவியிடம் சீறுகிறான், அப்போதும் உண்மை அவள் வாயில் வரவில்லை.

ஆனால் பொறாமையைப் பற்றி நாடகத்திலேயே உண்மையான வரியைச் சொல்கிறவளும் அவள்தான். கணவன் சந்தேகப்பட நான் எந்தக் காரணமும் தரவில்லையே என்கிறாள் டெஸ்டிமோனா. எமிலியா சொல்கிறாள்: "பொறாமைப்படுகிற மனங்களுக்கு அந்தப் பதில் போதாது அம்மா. காரணம் இருப்பதால் அவர்கள் பொறாமைப்படுவதில்லை, பொறாமைப்படுவதாலேயே பொறாமைப்படுகிறார்கள். அது தன்னைத்தானே கருவுற்றுத் தானே பிறக்கும் பூதம்." பச்சைக்கண் பூதம் புகழ்பெற்றுவிட்டது, இந்தப் பூதத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இது அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. இயாகோ தன் மனைவியையும் ஒத்தெல்லோவையும் சேர்த்துச் சந்தேகப்பட்டவன். "உண்மையா என்று தெரியாது, ஆனால் வெறும் சந்தேகத்துக்காகவே உறுதி என்பது போல நடந்துகொள்வேன்" என்று அவனே சொல்கிறான். எமிலியாவும் நான்காம் அங்கத்தில், எந்தக் கயவனோ மூரோடு என்னைச் சேர்த்துச் சந்தேகப்பட உன்னைத் தூண்டினானே என்று அவனிடமே நினைவுபடுத்துகிறாள். இயாகோவின் கெடுதலுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதினார். என் வாசிப்பில், அவன் ஒத்தெல்லோவுக்குக் கொடுப்பது தன் சொந்த நோயைத்தான். மருந்து கிடையாது என்று தெரிந்துதான் கொடுக்கிறான்.

கொலை நடக்கும் அதே இரவில், அதற்குச் சற்று முன், இரண்டு பெண்களும் தனியாக இருக்கும் காட்சி ஒன்று உண்டு. டெஸ்டிமோனா வில்லோ மரப் பாட்டைப் பாடுகிறாள், எமிலியா அவள் உடையைக் கழற்ற உதவுகிறாள். கணவர்களைப் போலவே மனைவியருக்கும் உணர்ச்சி உண்டு, கண்ணும் மூக்கும் நாக்கும் உண்டு, இனிப்பும் புளிப்பும் தெரியும் என்று எமிலியா பேசுகிறாள். 1622 பதிப்பில் அந்தப் பாட்டும் இல்லை, இந்தப் பேச்சும் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சேர்த்து வெளியிட்ட 1623 பெருந்தொகுதியில்தான் இருக்கின்றன. 1622 பதிப்பு மட்டும் நமக்கு வந்திருந்தால் எமிலியாவில் பாதியை இழந்திருப்போம்.

கடைசிக் காட்சி. "நாளைக்குக் கொல்லுங்கள், இன்றிரவு வாழ விடுங்கள்" என்று டெஸ்டிமோனா கெஞ்சுகிறாள். சாகும் தறுவாயில், யார் செய்தது என்று எமிலியா கேட்கும்போது, "யாருமில்லை, நானேதான்" என்கிறாள். உன் கணவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒத்தெல்லோ சொன்னதும் எமிலியா "என் கணவனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். தான் கொடுத்த கைக்குட்டை என்ன செய்தது என்று அந்த இடைவெளியில் அவளுக்குப் புரியத் தொடங்குகிறது. ஒத்தெல்லோ வாளைக் காட்டி மிரட்டுகிறான். "என்னால் தாங்க முடிந்த அளவில் பாதிகூட உன்னால் என்னைத் துன்புறுத்த முடியாது" என்கிறாள். வீட்டுக்குப் போ என்று இயாகோ அதட்டுகிறான். "கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை. ஒருவேளை, இயாகோ, நான் இனி வீட்டுக்கே போக மாட்டேன்." வானமும் மனிதரும் பேய்களும் சேர்ந்து தூற்றினாலும் பேசுவேன் என்று சொல்லி, கைக்குட்டைக் கதையைப் போட்டு உடைக்கிறாள். இயாகோ அவளைக் குத்திவிட்டு ஓடுகிறான். ஊரையே பேச்சால் கட்டிப்போட்டவன், பிடிபட்டதும் "என்னை எதுவும் கேட்காதீர்கள். தெரிந்தது தெரிந்ததுதான். இனி ஒரு சொல்லும் பேச மாட்டேன்" என்று வாயை மூடிக்கொள்கிறான்.

ஒத்தெல்லோ சாகும் முன் தன்னைப் பற்றி, "விவேகமாக நேசிக்காத, ஆனால் அளவுக்கு மீறி நேசித்த ஒருவன்" என்று எழுதச் சொல்கிறான். கறுப்பின அமெரிக்க நடிகர் பால் ரோப்சன் 1943இல் நியூயார்க் பிராட்வேயில் நடித்த 'ஒத்தெல்லோ' 296 முறை மேடையேறியது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்புப் பூசி நடித்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அப்படி ஒரு மனிதர் அந்த வரியைச் சொன்னபோது அரங்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். அழகான வரிதான், ஆனால் அவன் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. நான் முழுவதும் நம்பவில்லை. தன்னைப் பற்றிய கதையைச் சொல்லி நேசத்தைப் பெற்றவன், கடைசியிலும் ஒரு கதைதான் சொல்கிறான்.

எமிலியா சாகும்போது தன்னைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. "என் எஜமானியின் பக்கத்தில் என்னைக் கிடத்துங்கள்" என்று மட்டும் கேட்கிறாள். யாரும் பதில் சொல்வதாக வசனம் இல்லை. பிறகு ஒத்தெல்லோ அந்தப் படுக்கையில் விழுகிறான், இந்தப் படுக்கையின் சோகச் சுமையைப் பார் என்று வெனிஸிலிருந்து தூதனாக வந்த லொடோவிகோ இயாகோவிடம் சொல்கிறான். அந்தச் சுமையில் எத்தனை உடல்கள் என்பதை இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த நாடகத்தை மேடையேற்ற நினைக்கும் இளைஞர்கள் இங்கே இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் கேட்ட இடத்தை அவளுக்குக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.