அடித்தார், அடைத்தார்: செயிண்ட் லூயிஸ் விடுதலை வழக்குகள்

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், செயிண்ட் லூயிஸ் நகரம். அங்குள்ள நீதிமன்றத்தில் 1814 முதல் 1860 வரை ஏறத்தாழ முந்நூறு விடுதலை வழக்குகள் பதிவாயின. தொடுத்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். அடிமைக்கு வழக்காடும் உரிமையே இல்லாத இடத்தில் இது எப்படி நடந்தது?

1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. முதலில் மனு. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி இடுவார். மனுவில் சாரம் இருந்தால் நீதிபதி அவரை ஏழை வழக்காளியாக ஏற்று, வக்கீலையும் நியமிப்பார். கூடவே ஓர் ஆணை: வக்கீலைப் பார்க்கவிடாமல் தடுக்கக் கூடாது, வழக்குப் போட்டதற்காகத் துன்புறுத்தக் கூடாது, நீதிமன்ற எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. நீராவிப் படகில் ஏற்றித் தெற்கே விற்றுவிட்டால் வழக்கு அத்தோடு செத்தது. எஜமானர் ஆணையை மீறுவார் என்ற அச்சம் இருந்தால், ஷெரீப் என்ற காவல் அதிகாரியே வழக்காளியைத் தன் பொறுப்பில் எடுத்துக் கூலி வேலைக்கு அனுப்புவார். லூசி என்ற இளம்பெண்ணோ 17 மாதம் சிறையிலேயே கிடந்தாள். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

இனி வழக்கின் வடிவம். 'இவர் என்னை அடித்தார், அடைத்து வைத்தார்' என்பதுதான் புகார். சுதந்திர மனிதரை அடித்தால் குற்றம். எதிராளி என்ன சொல்வார்? 'இது என் அடிமை' என்பார். அந்தப் பதில் வந்ததும், அடிமையா இல்லையா என்று ஜூரி தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு நுட்பமான வழி, பாருங்கள்!

நிரூபிக்கும் சுமை முழுவதும் வழக்காளி தலையில். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல முடியாது. எனவே, 'ஆமாம், இந்தப் பெண்ணை இல்லினாயில் வேலைவாங்கினார்கள், பார்த்தேன்' என்று சொல்ல ஒரு வெள்ளையரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம் இல்லினாய் உள்ளிட்ட வடமேற்குப் பகுதியில் அடிமைமுறையைத் தடைசெய்திருந்தது. அங்கே குடிவைக்கப்பட்டவர் விடுதலை பெற்றவர், மிசௌரிக்குத் திரும்பினாலும் அந்த விடுதலை போகாது என்று 1824இல் வின்னி என்ற பெண்ணின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பதால் தாய்மார்களின் வழக்குகள் முக்கியமாயின. லூசியின் தாய் பாலி 1843இல் வென்றாள். மறு ஆண்டே மகளும் வென்றாள்.

எங்கே சறுக்கும்? டிரெட் ஸ்காட், ஹாரியட் தம்பதியர் 1846 ஏப்ரலில் மனுச் செய்தனர். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததற்குச் சான்று வலுவாகவே இருந்தது. ஆனால் 1847 விசாரணையில் ஒரு சாட்சி, அவர்களை எஜமானி திருமதி எமர்சனிடமிருந்து கூலிக்கு எடுத்ததாகச் சொன்னவர், குறுக்கு விசாரணையில் 'பேசி முடித்தது என் மனைவி, நான் பணம் மட்டும் கொடுத்தேன்' என்றார். செவிவழிச் சாட்சி! எமர்சன்தான் அவர்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பது நிரூபணமாகவில்லை. ஆகவே அவர்கள் அவரிடமே அடிமையாக இருக்க நேர்ந்தது. இதைவிடக் கொடிய தருக்கம் உண்டா? மறுவிசாரணைக்கு அந்த மனைவியின் வாக்குமூலத்தைப் பெற்றார்கள். 1850 ஜனவரியில் வென்றார்கள்.

1852இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. சான்றில் ஓட்டை இல்லை. காலம் முன்போல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். 28 ஆண்டு முன்னுதாரணம் அரசியலுக்குப் பலியானது. 1857 மார்ச் 6இல் டிரெட் ஸ்காட் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பர் குடிமக்களே அல்லர் என்று 7க்கு 2 என்ற கணக்கில் கதவை அடைத்தது.

அதே ஆண்டு மே மாதம், டிரெட் ஸ்காட்டின் பழைய எஜமானர் குடும்பத்து மகன் ஒருவர் கையெழுத்திட்டு அவர்களை விடுவித்தார். வழக்கு நடந்த ஆண்டுகளில் ஷெரீப் அவர்களைக் கூலிக்கு அனுப்பிச் சேர்த்துவைத்த பணம் இருந்ததே, அதைக் கேட்டு வாங்க முன்வந்தவர் திருமதி எமர்சன்தான்.