பாட்டுக்காரனை வாழவைத்தது ஊர்க்கதைதான்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘நாட்டுப்பாடல் கவிஞரை உயர்த்துவது ஊர்க்கதையா, குரலும் மேடையுமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் கனடா நாட்டு நாட்டுப்பாடல் கவிஞரும் பாடகருமான ஸ்டான் ரோஜர்ஸைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். ஆறடிக்கு மேல் ஆள், கணீரென்ற குரல், அந்தக் குரலுக்கு எதைப் பாடினாலும் கூட்டம் சேரும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் சேர்ந்து தட்டினேன். எங்கள் அணிக்கு ஒரு நல்ல சாட்சியை அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாரே, தட்டாமல் இருக்க முடியுமா?

சரி, அந்தக் குரலையே எடுத்துக்கொள்வோம். அதை நம்பித்தான் 1970-ல் ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. குரல் இருந்தது, கம்பெனி இருந்தது, விளம்பரத்துக்கும் வழி இருந்தது. இரண்டு சிறிய இசைத்தட்டுகள் வந்தன. ஒன்று கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றியது. ஐயா, அந்த இரண்டைப் பற்றி எதிரணி நண்பர் மூச்சே விடவில்லையே, கவனித்தீர்களா?

அப்புறம் என்ன நடந்தது? ரோஜர்ஸ் பிறந்தது ஒண்டாரியோவின் ஹாமில்டன் நகரம். பெற்றோர் கனடாவின் கிழக்கே உள்ள நோவா ஸ்கோஷியா மாகாணக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காக அங்கே வந்தவர்கள். கோடை விடுமுறைக்கு அவர் போவது அந்தக் கடற்கரைக்கு. மீன்பிடி குறைந்து, இளைஞர்கள் வேலை தேடிக் கிளம்பிப்போன ஊர்கள் அவை. ‘இங்கே இருப்பதைப் பாட்டாக எழுதேன்’ என்று சொந்தத்தில் ஒருவர் தூண்ட, எழுதினார். ஃபோகார்ட்டிஸ் கோவ் என்ற முதல் ஆல்பம் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு பெயர்.

அதில் ஒரு பாட்டு. 1778-ல் அரசரின் அனுமதிக் கடிதத்தோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் போய், ஊனமாகித் திரும்பும் ஒருவன் பாடுவது. அந்தக் கப்பலும் கேப்டனும் வெறும் கற்பனை, இதை எப்படி ஊர்க்கதை என்பீர்கள் என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நோவா ஸ்கோஷியாவிலிருந்து அப்படிக் கப்பல்கள் கிளம்பியது கற்பனை இல்லை. அந்த நினைவின் மேல் ஏறி நின்றதால்தான், 1976-ல் எழுதிய பாட்டைப் பரம்பரைப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா?

கதை சோறு போடுமா என்று கேட்டார்கள். போட்டது. பெரிய கம்பெனியை விட்ட பிறகு குடும்பமே ஒரு இசை நிறுவனம் தொடங்கியது. அதன் பெயரும் ஃபோகார்ட்டிஸ் கோவ்தான். அதை நடத்தியவர் அவருடைய அம்மா. அதன் பிறகு ரோஜர்ஸ் கனடாவைப் பகுதி பகுதியாகப் பாடினார். மேற்குச் சமவெளி உழவர்களைப் பாடினார். ஏரிக்கரை மக்களுக்கான ஆல்பம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை. 1983 ஜூன் 2 அன்று, விமானத் தீவிபத்தில், 33 வயதில் போய்விட்டார்.

ஒருவரை வைத்து வாதாடலாமா என்பீர்கள். அதே நாட்டின் இன்னொரு நாட்டுப்பாடல் கவிஞர் கார்டன் லைட்ஃபூட்டைப் பாருங்கள். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். பத்திரிகையில் படித்துப் பாட்டெழுதினார். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. என்னைக் கவர்ந்தது அந்த இடம் இல்லை. கப்பலின் மேல்மூடி உடைந்ததாக ஒரு வரி இருந்தது. தவறு மாலுமிகளுடையது என்று அது தொனித்தது. அப்படியில்லை என்று ஒரு ஆவணப்படம் சொன்னதும், 2010-ல் மேடையில் அந்த வரியை மாற்றிக்கொண்டார். 34 வருடம் ஊரே மனப்பாடமாகப் பாடிய வரி! குரலுக்காக மாற்றவில்லை, மேடைக்காக மாற்றவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக மாற்றினார். 2023-ல் அவர் இறந்தபோது டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மணி 30 முறை ஒலித்தது. 29 அந்த மாலுமிகளுக்கு, ஒன்று அவருக்கு. அந்தக் கதையில் வந்தவர்களோடு ஒருவராக அவரையும் எண்ணிவிட்டார்கள்.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது நடுவர் அவர்களே, ஒரே ஒரு செய்தி. ரோஜர்ஸ் இன்னொரு பாட்டு எழுதினார். முதலாளிகள் கைவிட்ட ஒரு மூழ்கிய கப்பலை அதன் மாலுமிகளே மேலே தூக்கப் பாடுபடும் கதை. 1983 பிப்ரவரியில் வர்ஜீனியாவுக்கு அப்பால் மரீன் எலக்ட்ரிக் என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கியது. 34 பேரில் பிழைத்தவர் மூன்று பேர். அவர்களில் ஒரு அதிகாரி, குளிர்கடலில் நீர் நிறைந்த படகைப் பற்றிக்கொண்டு, விடியும்வரை அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். அதுதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவரே சொன்னார்.

அந்த இரவில் மேடை எங்கே இருந்தது? ரோஜர்ஸின் குரல் எங்கே இருந்தது? பாடியது அந்த அதிகாரியின் சொந்தக் குரல். எதிரணியில் அடுத்து வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.