டிவிக்கு மர்மம், நமக்கு நடுகல்

(வேலூரில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் பேச நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்ட தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, வார்டில் குழாய் உடைந்து கிடக்கிறது என்று போன் வந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தலும் நீர்மோரும் தந்த வணிகர் சங்கப் பெரியவர் அவர்களே, நூலகர் அவர்களே, வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே! துணைத் தலைவர் அவர்களையும் சொல்லிவிடுகிறேன். பெயரை விட்டால்கூடப் பொறுப்பார், பதவியை விட்டால் பொறுக்கமாட்டார். இந்த வெயிலில் மின்விசிறிக்கு நேராக இடம் பிடிக்கத் தெரிந்த அறிவாளிகளே, பிடிக்கத் தெரியாத நல்லவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'தொலைக்காட்சியில் தொல்பொருள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, அந்த நிகழ்ச்சிகள் எப்படிச் செய்யப்படுகின்றன. இரண்டு, அதில் வரும் பொருள்களின் உண்மைக் கதை. மூன்று, நாம் ஏன் மயங்குகிறோம். நான்கு, நம் மாவட்டத்துக்கு அதனால் என்ன கேடு. நேரம் இருந்தால் ஐந்தாவதும் உண்டு.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த ஊர் இது. கேழ்வரகில் என்ன வடியும், என்ன வடியாது என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு டிவியில் ஒருவர் கட்டைக்குரலில், "இதை மனிதர்கள்தான் செய்தார்களா?" என்று கேட்டால், களியை வாயில் வைத்தபடியே வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறோம்.

கவனித்துப் பாருங்கள், அவர் எதையும் சொல்லவே மாட்டார். கேட்பார். "இருக்கக்கூடுமோ?" என்பார். பொய் சொன்னால்தானே பிடிக்க முடியும்? கேள்வி கேட்டவனை யார் பிடிப்பது? பின்னால் ஒரு 'டொம்', விளம்பரம், மறுபடி அதே கேள்வி.

ஸ்படிக மண்டையோடு என்று காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ நாட்டுப் பழங்குடிகளின் மாயப்பொருள், ஆயிரமாயிரம் ஆண்டுப் பழையது என்பார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. 1897இல் டிஃபனி என்ற நகைக்கடையிடம் வாங்கினார்கள். அதற்கு முன் அது யூஜின் போபான் என்ற பிரெஞ்சுப் பழம்பொருள் வியாபாரியின் கையில் இருந்தது. பிற்காலத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சுழலும் சாணைச் சக்கரத்தின் கீறல்! ஐரோப்பியர் போவதற்கு முன் மெக்சிகோவில் அந்தச் சக்கரமே கிடையாது. 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இன்னொரு மண்டையோடு, மிட்செல்-ஹெட்ஜஸ் என்பவர் வீட்டது. காட்டுக்குள் பாழடைந்த மாயன் நகரத்தில் தன் மகள் கண்டெடுத்தாள் என்று கதை. 1943இல் லண்டன் சாதபி ஏலத்துக்கு அது வந்த பதிவு இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியதைக் கண்டெடுத்தேன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பாக்தாத் பேட்டரி என்று இன்னொன்று. 1936இல் ஈராக்கில் கிடைத்த சிறிய மண்ஜாடி. உள்ளே செம்புக் குழல், அதற்குள் இரும்புக் கம்பி, வாயில் தார் அடைப்பு. உடனே, அந்தக் காலத்திலேயே மின்சாரம்! சரி, ஒயர் எங்கே? கிடைக்கவில்லை. அந்த மின்சாரத்தால் ஓடிய பொருள் எங்கே? அதுவும் கிடைக்கவில்லை. செம்பை முழுக்கத் தார் மூடியிருக்கிறது, ஒயரை எங்கே கட்டுவது? ஏதோ எழுதிய சுருளைப் பத்திரமாக வைத்த ஜாடியாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கேழ்வரகில் நெய் வடிந்தாலும் வடியும், அந்த ஜாடியில் பல்பு எரியாது.

உண்மையான அதிசயம் இல்லையா என்றால், இருக்கிறது. கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுத்த ஆன்டிகிதெரா கருவி. ஈராயிரம் ஆண்டுப் பழையது. வெண்கலப் பல்சக்கரங்களில் 30 இன்றும் மிஞ்சியிருக்கின்றன. கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போட்ட கருவி. எக்ஸ்ரே எடுத்து, பல்லை எண்ணி, மேலே பொறித்திருந்த கிரேக்க எழுத்தைப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பல்லை எண்ணுவதை டிவியில் காட்டினால் யார் பார்ப்பார்கள்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 'மரமில்லா மலை' என்று வேலூரைக் கேலி செய்வார்கள். மரம் இல்லாததால் பாறை நன்றாகத் தெரிகிறது. ஒரு சேனல்காரர்கள், எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குக் காமிராவோடு வந்தார்கள். அங்கே ஒரு பெரும்பாறையில் வரிசையாகச் சதுரக் குழிகள். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், ஒவ்வொன்றிலும் நாலு விரல் நுழையும். பாறையின் மறுபக்கம் கத்தியால் வெட்டினது போல வழவழவென்று பிளந்து நிற்கிறது. வந்த தம்பி கோட்டு போட்டிருந்தார், நம்ம வெயிலில்! மைக்கைப் பிடித்து, "லேசர் தொழில்நுட்பமா? விண்ணிலிருந்து வந்தவர்களா?" என்று ஆரம்பித்தார்.

பக்கத்து ஆலமரத்தடியில் கல்லுடைக்கிற பெரியவர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "இன்னா சார் அதிசயம் இதுல? ஆப்புக்குழி சார் இது. எங்க பாட்டன் காலத்துல பொளிஞ்சிக்கீறாங்க" என்றார். தம்பி விடவில்லை. "ஐயா, இவ்வளவு நேராக மனிதக் கையால் முடியுமா?" பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடு" என்று எழுந்து போய் உளி, சம்மட்டி, ஆப்பு எல்லாம் எடுத்து வந்தார். கரித்தூள் தடவிய நூலைப் பாறையில் சுண்டிக் கோடு போட்டார். கோட்டின் மேல் சாண் இடைவெளியில் குழி பொளிந்தார். ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு அடி, திரும்பி வந்து ஒவ்வொரு அடி. ஒரே ஆப்பை ஓங்கி அடிக்கக் கூடாதாம், கல் கோணலாக ஓடிவிடுமாம். அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். 'ணங்' என்பது 'டப்' என்று ஆனதும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். கல் தானாகப் பிளந்தது. ஊரே கைதட்டியது. காமிராக்காரரும் தட்டினார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஊரே டிவி முன்னால். பெரியவர் வந்தார். எப்படி? நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாறையையே பார்க்கிறார், மூன்று விநாடி. பின்னால் அந்தக் கட்டைக்குரல்: "இந்தப் பாறையைக் கண்டு ஊர் மக்கள் இன்றும் அஞ்சுகிறார்கள்!"

(கைதட்டல். தலைவர் மணியைத் தொட்டார்.)

தொடலாம் ஐயா, அடிக்காதீர்கள். சிரித்தோம், சரி. ஆனால் அந்தப் பாட்டனின் உழைப்பை எடுத்து விண்வெளிக்காரனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தார்களே, அது எனக்கு வயிற்றெரிச்சல். நான் இன்றைக்கு வந்ததே இதற்குத்தான். மற்ற செய்திகளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி வந்த பிறகு என்ன நடந்தது? பாறையடியில் புதையல் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டினார்கள். பாறையைத் தோண்ட முடியுமா? பக்கத்தில் இருந்த நடுகல்லை, அதாவது சண்டையில் விழுந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லை, பெயர்த்துப் போட்டார்கள். இரண்டாக உடைந்து கிடந்தது. வில்லேந்திய கை ஒரு துண்டில், தலை ஒரு துண்டில். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. அதை எந்த டிவியாவது சொல்லியிருக்கிறதா?

பழைய வட ஆற்காடு மாவட்டம் நடுகல் மாவட்டம், ஐயா. 1989இல் பிரித்தோம், 2019இல் மறுபடி பிரித்தோம், கல்லுக்கு அதெல்லாம் தெரியாது. செங்கம் வட்டாரத்து நடுகற்களுக்குத் தொல்லியல் துறை தனி நூலே போட்டிருக்கிறது. எடுத்தனூர் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. மாடு மீட்கும் சண்டையில் விழுந்த வீரன் நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். திருடனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர், அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! மோட்டூரில் கல்வட்டத்துக்கு நடுவே தோள் விரித்து, தலை தனியாகத் தெரியாமல் ஆளைவிட உயரமாய் ஒரு பலகைக்கல் நிற்கிறது, தாய்த்தெய்வம் என்கிறார்கள். கோட்டுத் தம்பிகள் அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் வேண்டிக்கொள்கிறேன். ஜவ்வாது மலையில் புதிய கற்கால மக்கள் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளை, இன்றைய மலைமக்கள் மரத்தடியில் குவித்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும், அதனால்தான் அவை பிழைத்தன.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, மேடையிலேயே இரண்டு கைதான். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தானே, அவனுடைய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. நம் பக்கத்தில் கிடைத்த வெண்கல வாள் இருக்கிறது, கைப்பிடி இரண்டு கொம்பாகப் பிரிந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், பின்னணி இசை கிடையாது.

மாமன்ற உறுப்பினர் அம்மாவிடமும் தலைமை ஆசிரியர் ஐயாவிடமும் மேடையிலேயே கேட்கிறேன், மறுக்க முடியாதல்லவா? ஊராட்சிதோறும் நடுகல் கணக்கெடுக்கச் சொல்லி கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். முதல் இரண்டு கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி முதலில் தள்ளுவது நடுகல்லைத்தான், ஏனென்றால் அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேடியப்பன் என்று கும்பிடும் கல்லாக இருந்தால் தப்பிக்கிறது, துணி துவைக்கும் கல்லாக இருந்தால் போய்விடுகிறது.

வாசலில் பெரிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் கல் பார்த்திருந்தால் எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஏரிக்கரையா, கோயில் பின்புறமா, யார் நிலம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று வேண்டும். செல்போனில் படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் பூசாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தானாகவே தெரியும்.