கழுத்தில் வாங்கி வரும் வாசனை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டே காலம் போய்விட்டது. நாய் வளர்ப்பவர்கள் ஊசி போட்டு முடித்து, வாசல் வரை போய், திரும்பி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், நல்லா குளிப்பாட்டி விட்டாலும் நேரா போய் ஏதாவது நாத்தத்துல புரண்டுட்டு வருதே, ஏன்?" இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

எங்கள் ஜிம்மியை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. ஜாதி நாய் இல்லை. நீலாங்கரைக் கடற்கரையில் படகு நிழலில் பிறந்தது. ஒரு தை மாத விடியற்காலை அதோடு நடந்துகொண்டிருந்தேன். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரத் தொடங்கும் பருவம் அது. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஆமைகளும் கரை ஒதுங்கும். அப்படி ஒன்று, செத்து நாலைந்து நாள் இருக்கும், ஊதிப்போய்க் கிடந்தது. எனக்கு ஐம்பது அடி தள்ளியே குடலைப் புரட்டியது.

ஜிம்மிக்கு அவசரமே இல்லை. சுற்றி வந்து முகர்ந்தது. அப்புறம், தாலிக்குக் கழுத்தை நீட்டுகிற பெண்ணைப் போல மெல்லத் தலையைச் சாய்த்தது. முதலில் கன்னம். பிறகு கழுத்து. பிறகு தோள். அப்படியே சரிந்து முதுகு, நாலு காலும் ஆகாசத்தில்! நான் போட்ட கத்தலில் மீனவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார், ஜிம்மி பார்க்கவில்லை.

கன்னம், கழுத்து, தோள். இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். முதுகு அரிக்கிறது, அதனால் புரள்கிறது என்றால் நேரே முதுகைத்தானே போட வேண்டும்? அதற்கு மணலே போதும். இது எண்ணெய் தேய்ப்பதுபோல இடம் பார்த்துப் பூசிக்கொள்வது.

வீடு திரும்பும்போது நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. தெருமுனையில் மூன்று நாய்கள், ஜிம்மியைக் கண்டாலே உறுமுகிறவை. அன்றைக்கு உறுமலே இல்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவரின் தாம்பூலப் பையைச் சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகள் மாதிரி, மூன்றும் ஜிம்மியின் கழுத்தை மாறி மாறி முகர்ந்தன. ஒன்று நாங்கள் வந்த வழியிலேயே கடலைப் பார்த்து நடையைக் கட்டியது. வீட்டில் என் மனைவி, "ரெண்டு பேரும் வெளியவே நில்லுங்க" என்றாள். அவள் கணக்கில் நானும் சேர்த்தி.

வேட்டைக்குப் போகும்போது தன் வாடையை மறைக்கத்தான் புரள்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாயின் மூதாதையான ஓநாய் ஒளிந்து பாயும் மிருகமல்ல, துரத்திப் பிடிப்பது. ஓடுகிற மானுக்கு ஓநாய் கண்ணுக்கே தெரிகிறதே! ஆனால் நரி விஷயம் வேறு. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் மலைப்பகுதியில் தானியங்கி கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்குள்ள சாம்பல் நரிகள், பூமா என்ற பெரிய பூனை வாடை விட்டுப்போன மண்ணில் கன்னத்தைத் தேய்த்துக்கொள்கின்றன. நரியைக் கொல்லும் கயோட்டி, ஓநாய்க்கு உறவான மிருகம், அந்தப் பெரிய பூனையின் வாடைக்குப் பயந்து விலகலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

சரி, ஓநாய்க்கு வருவோம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஓநாய்ப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே பாட் குட்மன் என்ற அம்மையார் வருடக்கணக்காகக் கவனித்திருக்கிறார். புரண்டுவிட்டு வந்த ஓநாயை மற்றவை சூழ்ந்து முகர்கின்றன. சில சமயம் அது வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொருள் கிடக்கும் இடத்துக்கே போய்விடுகின்றன. எங்கள் தெருமுனை நாய் செய்ததும் அதுதானே! கழுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னேனே, இதற்காகத்தான். நாய்கள் எதிர்ப்பட்டால் முதலில் மோப்பம் பிடிக்கிற இடங்களில் முகமும் கழுத்தும் உண்டு.

கழுதைப்புலியிடமும் பார்த்திருக்கிறார்கள். அழுகிய மாமிசம் பூசிய கழுதைப்புலியை அதன் கூட்டத்தார் ஆசையாக முகர்ந்து நக்கிக் கொடுத்தார்கள். கற்பூரம் பூசியதற்கு அந்த உபசாரம் இல்லை. நாம் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்!

நம் மூக்கில் வாசனை அறியும் உணர்விகள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு முப்பது கோடி வரை சொல்கிறார்கள். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். நாய் இன்னும் பழந்தமிழிலேயே இருக்கிறது. உங்கள் ஷாம்பூவின் ரோஜா வாசனைதான் அதற்குத் துர்நாற்றமோ என்னவோ. இதுதான் காரணம் என்று அறிவியல் இன்னும் முடித்துச் சொல்லவில்லை. எங்கே என்ன கிடக்கிறது என்று கூட்டத்துக்குச் சேதி கொண்டு வருகிறது என்ற பக்கம்தான் என் ஓட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். குளிப்பாட்டுவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றும் முன் பழைய துணியால் வழித்து எடுங்கள். ஊற்றினால் உடம்பெல்லாம் பரவும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூ போதும், நம்முடையது வேண்டாம். மீன் நாற்றம் பிடித்த கழுத்துப் பட்டையைப் புளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள், மீன் சட்டிக்குச் செய்வதுதான். புரண்டதோடு தின்றும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், எலி மருந்து தின்று செத்ததாக இருக்கலாம். அப்புறம், ஈரம் காயும்வரை கதவைத் திறக்காதீர்கள். வணக்கம்.