மாதிரியைத் திருப்பி வையுங்கள்

ஓவிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் நாம் ஒரு கை வரைகிறோம். மாணவர்கள் அதைப் பார்த்து வரைகிறார்கள், வகுப்பு முடிவதற்குள் பத்துக் கைகள். பத்தாவது கை முதல் கையைவிட அழகாக இருக்கிறது. நமக்கும் திருப்தி, அவர்களுக்கும் திருப்தி. அடுத்த வாரம் அதே மாணவரிடம் மாதிரி இல்லாமல் ஒரு கை வரையச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார்.

இது சோம்பல் இல்லை. விடை கண்ணெதிரே இருக்கும்வரை, நினைவிலிருந்து எதையும் தேடி எடுக்க வேண்டிய தேவையே மூளைக்கு வருவதில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிலர் ஒரு பாடத்தை மறுபடியும் வாசித்தார்கள். சிலர் வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

அது வாசிப்புப் பாடம், ஓவியம் இல்லையே என்று கேட்பீர்கள். சரி, பாரிஸுக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே லெகோக் த புவாபோத்ரான் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். மாணவர்களை லூவர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, ஒரு படத்தை ஊன்றிப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொள்ளச் சொல்வார். திரும்பி வந்துதான் வரைய வேண்டும். எளிய வடிவங்களில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமானவற்றுக்குக் கொண்டுபோனார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர். ஆய்வகம் எதுவும் இல்லாமலே மனிதர் கண்டுபிடித்திருக்கிறார்!

நம் வகுப்பில் இதைச் செய்வது கடினமில்லை. மாதிரியைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள். அப்புறம் திருப்பி வைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். முடித்ததும் மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, தவறிய இடங்களை வேறு நிறப் பென்சிலால் அந்தத் தாளிலேயே அவர்கள் திருத்தட்டும். இந்தக் கடைசிப் படியை நேரமில்லை என்று விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். தவறான விரல்தான் மனத்தில் பதியும். சில நாள் இடைவெளி விட்டு அதே கையை மறுபடி கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மட்டும் அவசரம் வேண்டாம். ஒன்றுமே தெரியாதவர் முன்னால் மாதிரியை மூடினால் அவருக்கு மிஞ்சுவது பயம்தான். முதலில் நன்றாகப் பார்த்து வரையட்டும்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் கோர்னெல், பியோர்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் சிலருக்கு 12 ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள். சில ஓவியர்களின் படங்களை அடுத்தடுத்து, சில ஓவியர்களுடையதை மற்றவர்களுடையதோடு கலந்து. பிறகு அதுவரை பார்க்காத படத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்கள். கலந்து பார்த்த ஓவியர்களையே மக்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். ஆனால் எந்த முறை உதவியது என்று கேட்டபோது, பெரும்பாலோர் அடுத்தடுத்துப் பார்த்ததையே சொன்னார்கள்! இது பாணியை அடையாளம் காணும் சோதனை, வரையும் சோதனை இல்லை. அதனால் நான் அதிகம் இழுக்க மாட்டேன். கையையும் காதையும் பாதத்தையும் ஒரே வகுப்பில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எப்படியும் தாள்கள் முன்பைவிட அசிங்கமாகத்தான் இருக்கும். மாணவர்களிடமும் பெற்றோரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் திருத்தத்துக்குப் போடுங்கள். முதல் கோட்டுக்குப் போட்டால் மேசைக்கு அடியில் மாதிரியை ஒளித்து வைத்துப் பார்ப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.