சிவப்பும் பச்சையும் சொல்லாதது

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டல் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்ட துறைத்தலைவர் அவர்களே, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிவிடுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: ஒரு கோப்பில் என்ன மாறியது என்று காட்டும் டிஃப் எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும், இரண்டு பேர் மாற்றம் ஒரே இடத்தில் மோதும் மெர்ஜ் கான்ஃபிளிக்ட்டை எப்படித் தீர்ப்பது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைத்துக்கொள்ளும் கிட், டிஃப்பில் எடுத்த வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும் காட்டும்; அவற்றை, நாம் செய்த மாற்றத்தை அது கூடவே இருந்து எழுதிவைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இந்தக் கருவி, ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது நாம் வேலையைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும், கோப்புகளின் முழு நிலையைத்தான் வைத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டு, பழையதிலிருந்து புதியதற்கு வர கூடியவரை குறைவாக எத்தனை வரி எடுக்க வேண்டும், எத்தனை வரி சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. யூஜின் மையர்ஸ் என்ற கணினி விஞ்ஞானி 1986-இல் எழுதிய வழிதான், நாம் வேறு வழியைக் கேட்காதவரை, இன்றும் கிட் டிஃப்பில் ஓடுகிறது. உங்கள் மனதில் இருந்தது அதற்கு எப்படித் தெரியும்?

@@ -12,6 +12,7 @@ என்று டிஃப்பில் ஒரு வரி வருமே, மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய கோப்பில் 12-ஆம் வரியிலிருந்து 6 வரி, புதியதில் அதே இடத்திலிருந்து 7 வரி. நடுவில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது, சுற்றிலும் மும்மூன்று வரி அடையாளத்துக்கு.

ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். பில் போடும் மென்பொருள். புதிதாகச் சேர்ந்த தம்பி கோப்பைத் திறந்து சேமித்ததும், எடிட்டர் டேப் எல்லாவற்றையும் ஸ்பேஸாக மாற்றிவிட்டது. கோப்பு முழுக்கச் சிவப்பு, பச்சை. சீனியர் உருட்டினார், உருட்டினார், "ஸ்பேஸ்தானே தம்பி, சரி" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கொஞ்ச நாளில் கடைக்காரர்கள் போன் மேல் போன்! 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் தள்ளுபடி, ஆனால் சரியாக 500-க்கு வாங்கியவருக்கும் கழிந்துகொண்டிருக்கிறது. யார் மாற்றியது என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும் கிட் பிளேமில் பார்த்தால் கோப்பு முழுவதும் தம்பி பெயர்! கடைசியில் ஒரு அக்கா வந்து, இடைவெளி வித்தியாசத்தை ஒதுக்கும் மைனஸ் டபிள்யூவை (-w) போட்டு டிஃப் எடுத்தார். அத்தனை வண்ணமும் வடிந்து ஒரே வரி நின்றது. 'மேல்' என்னும் > இருந்த இடத்தில் 'மேல் அல்லது சமம்' என்னும் >= . தீர விசாரிப்பதே மெய்!

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எல்லா மேடையிலும் நான் கேட்பது ஒன்றுதான். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை ஸ்பைரல் பைண்டிங்கும் பென் டிரைவுமாக வாங்காதீர்கள், கமிட் வரலாற்றோடு வாங்குங்கள். மொத்த ப்ராஜெக்ட்டும் ஒரே கமிட்டில் வந்து இறங்கியிருந்தால், எங்கே வாங்கினாய் என்று வைவாவில் கேட்கலாம். ஒரு கமிட்டுக்கு ஒரு வேலை என்று பழகிய பிள்ளை, ஸ்பேஸையும் தள்ளுபடிக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காது. கண்ணால் காணும் பைண்டிங் பொய் அம்மா, வரலாற்றை விசாரியுங்கள்.

மெர்ஜ் கான்ஃபிளிக்ட்டா? நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. டீ இடைவேளையில் லேப்டாப்போடு வாருங்கள். முதல்வர் அம்மா மட்டும் அந்த ப்ராஜெக்ட் விஷயத்துக்கு இங்கேயே ஒரு பதில் சொல்லிவிட்டால், மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.