எழுத்து வரிசையில் நின்ற ஊர்கள்

வணக்கம் நேயர்களே. பழைய வரைபடம் பார்ப்பது என் நாற்பது வருடப் பைத்தியம். இன்று 1950, 60களில் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை அச்சிட்ட தாள்களைப் பற்றிப் பேசுகிறேன். நெப்ராஸ்கா மாநிலத்தின் புல்வெளிச் சமவெளி. தாளில் ஓர் அங்குலம், தரையில் 2,000 அடி.

பழுப்புக் கோடு மேடு பள்ளம், நீலம் தண்ணீர், கறுப்பு என்றால் மனிதர் கட்டியது. கறுப்புச் சதுரத்தின் மேல் சின்னக் கொடி இருந்தால் பள்ளிக்கூடம், சிலுவை இருந்தால் தேவாலயம். மைலுக்கொரு சாலை; சதுரங்கப் பலகைதான். அதன் குறுக்கே தண்டவாளம், அதை ஒட்டி ஊர். தண்டவாளத்தின் ஓரத்தில் எலிவேட்டர். லிஃப்ட் என்று நினைத்துவிடாதீர்கள். தானியத்தை மேலே ஏற்றிக் கொட்டி வைக்கும் உயரமான கிடங்கு.

விரலைத் தண்டவாளத்தின் மேல் நகர்த்துங்கள். எட்டுப் பத்து மைலுக்கு ஓர் ஊர். ஏன்? விவசாயி குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும். லாரி வந்த பிறகு அச்சான தாள்தான், ஆனால் இடைவெளி குதிரையினுடையது.

அப்புறம் எனக்குப் பிடித்த சங்கதி. 1870களின் தொடக்கத்தில் பர்லிங்டன் ரயில் கம்பெனி ஊர்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்தது. கிரீட், டார்செஸ்டர், எக்ஸீட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல். சி தொடங்கி எல் வரை, பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி! நடுவே ஃப்ரெண்ட், சட்டன் என்று வரிசைக்குள் நிற்காத பிள்ளைகளும் உண்டு. இன்லேண்டுக்கும் ஜூனியாட்டாவுக்கும் நடுவில் ஹேஸ்டிங்ஸ். ஐக்கும் ஜேக்கும் இடையில் எச்சுக்கு என்ன வேலை? கம்பெனி பெயர் வைத்த ஊரே இல்லை அது. ஆனால் 1872இல் இன்னொரு ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்தது. 1878இல் மாவட்டத் தலைமையிடம் ஜூனியாட்டாவிலிருந்து அதற்குப் போனது. தாளில் பாருங்கள், ஜூனியாட்டா ஒரு கைப்பிடி மிளகு. ஹேஸ்டிங்ஸ் பெரிய நகரம். அதாவது, வரிசையில் நின்றது தோற்றது, வரிசை மீறியது வளர்ந்தது. இதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன், சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். கைவிட்ட கிளைப் பாதைகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். 1980இல் வந்த சட்டம் பாதைகளைக் கைவிடுவதை எளிதாக்கியது. அப்படிப் போன இடங்களில் பிந்தைய தாளில் ‘பழைய ரயில் மேடு’ என்று சிறிய எழுத்தும் விட்டுவிட்டுப் போகும் ஒரு கோடும் மட்டும் இருக்கும். வணக்கம்.